பெயரின் முன்சொல்லை விழுங்கிவிடாதீர்கள்

சீன மூலிகைகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்கும், பொட்டலம் கட்டித் தமிழில் பெயர் ஒட்டி விற்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

மலேசியாவின் ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்களை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் பொட்டலங்களை நன்றாகத் தெரியும். இரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் பாட்டி, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து முகப்பில் வைப்பார். "இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா, மிஸ்?" என்பார். உறையின் மேல் தமிழில் ஏதோ ஒரு பெயர் இருக்கும். சில நேரம் பெயர்கூட இருக்காது, எந்தெந்த வலிக்கு நல்லது என்ற பட்டியல் மட்டும் இருக்கும்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்படி ஒரு உறை வந்தது. கொண்டுவந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய லாரி ஓட்டுநர். அவருடைய அம்மா மேல்மாடி வார்டில் படுத்திருந்தார். வயிற்றில் நீர் கோத்து உப்பியிருந்தது, கண்ணில் மஞ்சள். குடிப்பழக்கம் கிடையாது, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. முழங்கால் வலிக்காக இரண்டு மாதம் ஒரு பொடியைச் சாப்பிட்டிருக்கிறார். உறையில் இருந்த ஒட்டுத்தாளில் "சீன வேர்ப் பொடி, மூட்டுவலி, அடிபட்ட வீக்கம், இரத்த ஓட்டம், காலை மாலை ஒரு தேக்கரண்டி, பக்கவிளைவு இல்லாதது" என்று அழகான தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தது.

கல்லீரல் மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி. இது எந்தச் செடி?

மகன் என் முன்னாலேயே விற்றவருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் பதில் கேட்டது. "அது சான்ச்சிண்ணே. சாதாரண சான்ச்சி கூட இல்ல, நாட்டு சான்ச்சி. ஒரிஜினல்."

அந்த "நாட்டு" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. விற்றவர் பொய் சொல்லவில்லை. தனக்கு வந்த சரக்கின் பெயரை உண்மையாகவே மொழிபெயர்த்திருக்கிறார். சீனத்தில் அதன் பெயர் தூ சான்ச்சி. "தூ" என்றால் மண், உள்ளூர், நாட்டு. நமக்கு நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மருந்து எல்லாமே மனதுக்கு நெருக்கமானவை. அந்தச் சொல் ஒட்டியிருந்தால் இரண்டு ரிங்கிட் கூடக் கொடுத்து வாங்குவோம். சீன மூலிகைப் பெயர்களில் "தூ" வருவது பல நேரம் வேறொன்றைச் சொல்வதற்காக. அசல் கிடைக்காத இடத்தில், அதேபோலப் பயன்படுத்துகிற வேறொரு செடி என்பதே பொருள்.

அந்த இரண்டு செடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சான்ச்சி என்பது பேனாக்ஸ் நோட்டோஜின்செங். ஜின்செங்கின் நெருங்கிய உறவு. யுன்னான் மாநிலத்தின் வென்ஷான் பகுதியில் நிழல்பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். வேர் தேற மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும், அதனால் விலை அதிகம். அதன் வேரில் ஜின்செனோசைடு ஆர்ஜி1, ஆர்பி1, நோட்டோஜின்செனோசைடு ஆர்1 என்று சப்போனின்கள் இருக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்து குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது சீன அரசின் மருந்துத் தரநூல். இரத்தப்போக்கை நிறுத்த உதவும் டென்சிசின் என்ற அமினோ அமிலமும் அதில் உண்டு. அடிபட்ட வீக்கம், இரத்தக்கட்டு, இரத்தப்போக்கு ஆகியவற்றுக்குக் காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள்.

தூ சான்ச்சி என்று பெரும்பாலும் விற்கப்படுவது ஜைனுரா ஜப்போனிகா. செவ்வந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டுத் தொட்டியில் குச்சியை நட்டாலும் வளரும். இதையும் அடிபட்ட வீக்கத்துக்கும் இரத்தக்கட்டுக்கும்தான் நாட்டுப்புறத்தில் பயன்படுத்தினார்கள். பயன் ஒன்று என்று நம்பியதால்தான் பெயரும் ஒன்றாகிப் போனது. உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வேறு. ஜைனுராவில் சப்போனினுக்குப் பதிலாக செனெசியோனின், செனெசிஃபிலின் போன்ற பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வயிற்றில் அவை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கல்லீரலுக்குப் போனதும், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் அவற்றைக் கடும் வினைத்திறன் கொண்ட பொருளாக மாற்றிவிடுகின்றன. அது கல்லீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களுடைய உள்சுவரை அரித்து அடைக்கிறது. இரத்தம் வெளியேற வழியில்லாமல் கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், மஞ்சள் பூக்கும். மேலை நாடுகளில் இந்த அடைப்பை மருத்துவர்கள் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு பார்க்கிறார்கள். சீனாவில் இதற்கு முதல் காரணமாகச் சொல்லப்படுவது இந்தச் செடிதான்.

இதே வகை ஆல்கலாய்டு இந்தியாவுக்கும் புதிதில்லை. 1970களின் நடுவில், அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்த சர்குஜாவில் கிலுகிலுப்பை இனத்து விதைகள் சிறுதானியத்தோடு கலந்துபோய், அதைச் சாப்பிட்ட பழங்குடி மக்களுக்கு வயிறு வீங்கியது இதே முறையில்தான்.

லாரி ஓட்டுநரின் அம்மா ஐந்து வாரம் வார்டில் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார், நடக்கிறார். மாத்திரை வாங்க மகன்தான் வருகிறார்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, என்னோடு வேலை செய்யும் சீனத் தோழியின் அப்பாவைப் பார்க்கப் போனேன். ஐம்பது ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கும் சின்சே, அதாவது சீன வைத்தியர். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரஇழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் மூன்று நான்கு பெயர்கள். நான் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிவப்புத் தாளை விரித்து இரண்டு வேர்களை வைத்தார். இரண்டும் முடிச்சு முடிச்சாக, மூடிய கைமுட்டி போல இருந்தன. இரண்டும் சாம்பல் கலந்த பழுப்பு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"தட்டிப் பார், அம்மோய்" என்றார். முதல் வேரைக் கண்ணாடி முகப்பில் தட்டினேன். கூழாங்கல் போலச் சத்தம் வந்தது. "செம்புத் தோல், இரும்பு எலும்பு என்று இதைச் சொல்வோம்." பித்தளை உரலில் போட்டு ஓங்கி இடித்ததும் அது உடைந்தது. தோல் தனியாகவும் உள்கட்டை தனியாகவும் பிரிந்தன, உள்ளே பச்சை கலந்த சாம்பல் நிறம். ஒரு துணுக்கை மெல்லச் சொன்னார். முதலில் கசந்தது, அப்புறம் தொண்டையில் மெல்ல இனித்தது. இரண்டாவது வேரை மெல்லக் கொடுக்கவில்லை. அது சப்பென்று இருந்து பிறகு லேசாகக் கசக்கும் என்று சொல்லிவிட்டு, தாளோடு எடுத்து உள்ளே வைத்தார். கடையில் அதை விற்பதில்லையாம், கடைப்பையன்களுக்குக் காட்டிக்கொடுக்க மட்டும் வைத்திருக்கிறார்.

கிளம்பும்போது அவர் சொன்னதை அப்படியே உங்களிடம் சேர்க்கிறேன். "பொடியாக வந்தால் நானே வாங்க மாட்டேன். ஐம்பது வருஷம் பார்த்த கண்ணுக்கும் பொடியில் ஒன்றும் தெரியாது."

உங்களில் பலர் பொடியாகத்தான் வாங்குகிறீர்கள், பொடியாகத்தான் விற்கிறீர்கள்.

முன்சொல் விஷயம் சான்ச்சியோடு நின்றுவிட்டால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். சீன மூலிகைப் பெயர் பெரும்பாலும் இரண்டு மூன்று அசை. முன்னால் ஒட்டும் ஒரு அசையில்தான் ஊரோ, நிறமோ, தரமோ இருக்கும். தமிழில் எழுதும்போது நாவுக்குச் சிரமமாக இருக்கிறது என்று முதலில் கழற்றிவிடுவதும் அதைத்தான். நம்முடைய முருங்கையை நினைத்துப் பாருங்கள். முருங்கை, தவசி முருங்கை, கல்யாண முருங்கை ஆகிய மூன்றுக்கும் உறவே கிடையாது. "முருங்கைக் கீரைதான்" என்று ஒருவர் கல்யாண முருங்கை இலையைக் கொடுத்தால் நம் வீட்டுப் பாட்டி கண்டுபிடித்துவிடுவார், இலையைப் பார்த்துப் பழகிய கண். சீனச் செடிகளுக்கு அந்தக் கண் நமக்கு இல்லை. பெயர் ஒன்றுதான் பிடிமானம்.

இதற்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் பெல்ஜியம் நாட்டுப் பெண்கள். பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க வைக்கும் ஒரு சிகிச்சையில் 1990 முதல் இரண்டு சீன மூலிகைப் பொடிகளைச் சேர்த்தார்கள். அதில் ஒன்று ஃபாங் ஜி. சேர்க்க நினைத்தது ஃபென் ஃபாங் ஜி, அதாவது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. அதன் முக்கியப் பொருளான டெட்ராண்ட்ரின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், அழற்சியைத் தணிக்கும். கல்தூசி நுரையீரல் நோய்க்கு அது சீனாவில் மாத்திரையாகவே உண்டு. ஆனால் வந்து சேர்ந்தது குவாங் ஃபாங் ஜி. அது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி என்ற கொடி. அதில் டெட்ராண்ட்ரின் கிடையாது, அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு.

இளம்பெண்கள் சிலருக்குச் சிறுநீரகம் வேகமாகச் சுருங்குவதை வான்ஹெர்வெகம் என்ற சிறுநீரக மருத்துவரின் குழு கவனித்தது. பழைய கோப்புகளைப் புரட்டியபோது, ஐம்பது வயதுக்குட்பட்ட ஒன்பது பெண்கள் உடல் இளைக்க வைக்கும் அந்த ஒரே சிகிச்சைக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. 1993இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பொடிகளைச் சோதித்தபோது இருக்க வேண்டிய டெட்ராண்ட்ரின் பெரும்பாலான தொகுதிகளில் இல்லை. அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை பின்னர் நூறைத் தாண்டியது. பலர் டயாலிசிஸுக்குப் போனார்கள், பலருக்குச் சிறுநீரக மாற்று நடந்தது. 2000இல் அதே ஊர் மருத்துவர்கள், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த 39 பேருடைய சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் எடுத்துப் பார்த்தார்கள். 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. பொடியை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகு கண்ட புற்றுநோய் அது. அந்த அமிலம் உடலில் மாற்றமடைந்து மரபணுவின் அடினின் எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பெருகும்போது அந்த இடத்தில் தைமின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்தத் தடயத்தை வைத்து, எந்தப் புற்றுநோய் இதனால் வந்தது என்று இப்போது அடையாளம் காண முடிகிறது.

ஒரு அசைதான் வித்தியாசம். குவாங் என்றால் குவாங்டொங், குவாங்ஸி பகுதி என்று பொருள், அவ்வளவுதான். பார்க்க ஒன்றும் மோசமில்லாத சொல்.

உடனே "குவாங் என்று வந்தால் விஷம்" என்று ஒரு பதிவு போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று ஒரு வேர் இருக்கிறதே, இமயமலைப் பக்கத்திலிருந்து வருவது, அதைச் சீனர்கள் மூ சியாங் என்பார்கள். பழைய காலத்தில் வெளிநாட்டிலிருந்து குவாங்ஜோ துறைமுகம் வழியாக வந்ததால் குவாங் மூ சியாங் என்றும் ஒரு பெயர். கோஸ்டுனோலைடு நிறைந்த வாசனை வேர், செரிமானத்துக்குக் கொடுப்பது. இங்கே குவாங் ஒட்டியிருப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை. அதே மூ சியாங்குக்கு முன்னால் ச்சிங் சேர்ந்து ச்சிங் மூ சியாங் ஆனால், அது அரிஸ்டோலோக்கியா இனத்து வேர். ஆக எந்த முன்சொல் நல்லது, எது கெட்டது என்று சூத்திரம் போட முடியாது. பெயரை முழுசாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூ தொங் கதையும் இதேதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய நூல்களின் மூ தொங் அகேபியா என்ற கொடி. ச்சுவான் மூ தொங் கிளெமாட்டிஸ் இனம். இவை இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் கிடையாது. வடகிழக்குச் சீனாவில் ஏராளமாகக் கிடைத்த குவான் மூ தொங் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அது அரிஸ்டோலோக்கியா மஞ்சூரியென்சிஸ். "ஈரல் சூட்டைத் தணிக்கும்" என்று பிரபலமான ஒரு மாத்திரையில் அது சேர்ந்து பலருடைய சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2003இல் சீன அரசு குவான் மூ தொங்கைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு குவாங் ஃபாங் ஜியும் ச்சிங் மூ சியாங்கும் போயின. அரிஸ்டோலோக்கிக் அமிலமுள்ள தாவரங்களை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்பதே அந்தப் பிரிவு. இத்தனைக்குப் பிறகும் தமிழில் "மூ தொங் கசாயம், நீர்க்கடுப்புக்கு நல்லது" என்று முன்சொல் இல்லாமல் படித்தேன்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். அதே அமிலம் அவற்றிலும் இருக்கிறது. சீனச் செடியென்றால் சந்தேகப்பட்டு, நம் பாட்டி சொன்ன செடியென்றால் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. சிறுநீரகத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அடுத்து "ஜின்செங்". உங்கள் பதிவுகளில் அதிகம் பார்ப்பது இந்தச் சொல்லைத்தான். பெயரில் "ஷென்" என்று முடிந்தால் எல்லாம் ஜின்செங் ஆகிவிடுகிறது. ரென் ஷென் என்பதுதான் ஆசிய ஜின்செங், பேனாக்ஸ் ஜின்செங். சீயாங் ஷென் அமெரிக்க ஜின்செங், அதே இனத்து வேறு செடி. வேதியியலில் இவை இரண்டையும் பிரிக்க ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. ஆசிய ஜின்செங்கில் ஜின்செனோசைடு ஆர்எஃப் இருக்கும், அமெரிக்க ஜின்செங்கில் இருக்காது. அமெரிக்க ஜின்செங்கில் சூடோஜின்செனோசைடு எஃப்11 இருக்கும், ஆசிய வேரில் ஏறத்தாழ இல்லை. எடை ஒன்றாகவும் வடிவம் ஒத்தும் இருக்கும் இந்த இரண்டு மூலக்கூறுகள்தான் சோதனைச்சாலையில் சாட்சி சொல்கின்றன. தாங் ஷென் விலை குறைந்த சூப்பு வேர், அதில் ஜின்செனோசைடே கிடையாது. கூ ஷென் என்பது மேட்ரின் என்ற ஆல்கலாய்டு நிறைந்த கசப்பு வேர், பட்டாணிக் குடும்பம். தான் ஷென் புதினாக் குடும்பம், சிவந்த வேர், டான்ஷினோன்கள் கொண்டது.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். என் முகப்புக்கு வாரஃபரின் வாங்க வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். செயற்கை இதயவால்வு வைத்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க அந்த மாத்திரை. கொஞ்சம் கூடினால் இரத்தம் கசியும், கொஞ்சம் குறைந்தால் வால்வில் கட்டி அடைக்கும். அமெரிக்க ஜின்செங் வாரஃபரினின் வேகத்தைக் குறைக்கிறது என்று 2004இல் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஒரு சோதனை காட்டியது. தான் ஷென் சாப்பிட்டவர்களுக்கு வாரஃபரினின் வேகம் கூடி இரத்தம் மிகவும் நீர்த்துப்போனதை 1990களில் ஹாங்காங் மருத்துவர்கள் எழுதினார்கள். ஒன்று கீழே இழுக்கிறது, இன்னொன்று மேலே தள்ளுகிறது. உங்கள் பொட்டலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், "இதயத்துக்கு உகந்த ஜின்செங்". நோயாளியின் இரத்தப் பரிசோதனை எண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஓடும்போது, எந்தப் பக்கம் திருத்துவது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

வீட்டுச் சமையலறைக்கு வருவோம். அன்னாசிப்பூவைச் சீனச் செடி என்றே நாம் நினைப்பதில்லை, பிரியாணிக்குப் போடுகிறோம். அது தென்சீனாவின் இல்லிசியம் வெரம், அதன் மணத்துக்குக் காரணம் அனெத்தோல். ஜப்பானில் கோயில்களிலும் கல்லறைகளிலும் நட்டு வைக்கும் ஷிகிமி மரம் இதன் சகோதரி. அதன் காயும் அதே நட்சத்திர வடிவம், கொஞ்சம் சின்னது, இதழ் நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். சோம்பு மணம் வராது. அதில் இருக்கும் அனிசாட்டின் மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் சமிக்ஞையை அடைத்துவிடுகிறது, வலிப்பு வரும். 2001இல் நெதர்லாந்திலும், அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவிலும் அன்னாசிப்பூ தேநீர் குடித்தவர்களுக்கு வாந்தியும் வலிப்பும் வந்தன, கைக்குழந்தைகள் உட்பட. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003 செப்டம்பரில் அந்தத் தேநீர் வேண்டாம் என்று எச்சரித்தது. பிரியாணியில் போடும் இரண்டு பூவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. "பச்சைக் குழந்தையின் வயிற்று உப்புசத்துக்கு அன்னாசிப்பூ பொடித்துக் காய்ச்சிக் கொடுங்கள்" என்று எழுதுகிறீர்களே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஆறு கிலோ எடையுள்ள உடம்பில், முழுப்பூவாகப் பார்க்காத பொடியைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பெயர் ஒத்துப்போவதால் மட்டும் குழப்பம் வருவதில்லை, காய்ந்த பிறகு முகம் ஒத்துப்போவதாலும் வருகிறது. ஹாங்காங்கில் லிங் சியாவ் ஹுவா என்ற எக்காளப் பூவுக்குப் பதிலாக யாங் ஜின் ஹுவா விற்கப்பட்டு, அதைக் காய்ச்சிக் குடித்தவர்கள் வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, பிதற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். யாங் ஜின் ஹுவா வேறொன்றுமில்லை, நம்முடைய ஊமத்தம்பூ. செடியில் இருக்கும்போது ஒன்று ஆரஞ்சு, ஒன்று வெள்ளை, யாருமே குழம்ப மாட்டார்கள். காய்ந்து சுருண்டு பழுப்பேறிவிட்டால் அனுபவமுள்ள கைதான் பிரிக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நான் சீன வைத்தியத்துக்கு எதிரி என்று நினைத்தால் வருத்தப்படுவேன். ஆர்டெமிசினின் வந்தது அந்த மரபிலிருந்துதான், மலேரியாவிலிருந்து எத்தனையோ உயிர்களை அது காத்தது, 2015இல் அதைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி தூ யோயோவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அங்கேயும் பெயர்தான் வழிமறித்தது என்பது பலருக்குத் தெரியாது. பழைய நூல் சொன்ன பெயர் ச்சிங் ஹாவ். இன்றைய தாவரவியலில் ச்சிங் ஹாவ் என்ற பெயர் ஒட்டியிருக்கும் செடியில் ஆர்டெமிசினின் கிடையாது. அது இருப்பது ஹுவாங் ஹுவா ஹாவ் என்று தாவரவியலாளர் சொல்லும் ஆர்டெமிசியா அனுவாவில். எந்தச் செடி, எந்தப் பாகம், எந்தப் பருவத்தில் பறித்தது என்று தூ யோயோவின் குழு ஒவ்வொன்றாகப் பார்த்தது. கொதிக்க வைக்காமல் குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானில் இறக்கிய பிறகுதான் 1971இல் மருந்து கைக்கு வந்தது. சரியான செடியைப் பிடித்ததால் வந்த மருந்து அது.

சீன மருந்துத் தரநூலும் கற்றுக்கொண்டே வருகிறது. முன்பு கூட்ஸுக் கொடியின் இரண்டு வகைகளையும் கெ கென் என்றே வைத்திருந்தார்கள். 2005 பதிப்பில் கெ கென், ஃபென் கெ என்று பிரித்துவிட்டார்கள். கெ கென்னில் அதன் முக்கியப் பொருளான பியூரரின் குறைந்தது 2.4 சதவீதம் இருக்க வேண்டும், ஃபென் கெயில் 0.3 சதவீதம் போதும். எட்டு மடங்கு வித்தியாசம். பெரிய விஷம் எதுவும் இல்லாத இந்த வேர்களுக்கே அவர்கள் அவ்வளவு மெனக்கெட்டுப் பெயரைப் பிரிக்கிறார்கள். நாம் தமிழில் எழுதும்போது அவர்கள் பிரித்ததை மறுபடி ஒட்டி வைக்கிறோம்.

சரி, நான் கேட்பது என்ன?

பொட்டலத்தில் சீனப் பெயரை முன்சொல்லோடு முழுசாக எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், கூடவே சரக்கு வந்த மூட்டையில் இருக்கும் சீன எழுத்தையும் அப்படியே அச்சிடுங்கள். எங்கள் மருத்துவமனையில் அதைப் படிக்க எப்போதும் யாராவது இருப்பார்கள். தாவரவியல் பெயரை எழுதுங்கள். அது தெரியாது என்றால், விற்கிற பொருள் என்னவென்று தெரியாது என்றுதான் அர்த்தம். வேரா, தண்டா, பூவா, பச்சையாகக் காய்ந்ததா, அவித்துப் பதப்படுத்தியதா என்று ஒரு வரி சேருங்கள். முழு வேராக வாங்குங்கள், பொடித்துத் தருவதாக இருந்தால் பார்த்த பிறகு பொடியுங்கள். தயாரித்து அடைத்த மாத்திரை, கேப்சூல் என்றால் மலேசியாவில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விற்காதீர்கள். "பக்கவிளைவு இல்லாதது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த வரியை நம்பித்தான் அந்த அம்மா வயிறு உப்பத் தொடங்கிய பிறகும் மூன்று வாரம் பொடியை நிறுத்தவில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ஒரு செடியின் குணத்தைச் சொல்லும் கட்டுரையில், அதோடு குழம்பக்கூடிய செடி எது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். படிப்பவர் கடையில் நிற்கும்போது அந்த இரண்டு வரி நினைவுக்கு வரும்.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் அலமாரியில் சான்ச்சி, ஃபாங் ஜி, மூ தொங், மூ சியாங் என்று முன்சொல் இல்லாமல் இருக்கும் சரக்கை எடுத்து முன்னால் வையுங்கள். உங்களுக்குக் கொடுத்தவரிடம் முழுப்பெயர் கேளுங்கள். பதில் வராத மூட்டையை விற்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் எண்கள் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கின்றன. சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வயிறு உப்பியோ, சிறுநீர் குறைந்தோ, கண் மஞ்சளித்தோ இருந்தால் அந்தப் பொட்டலத்தோடு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். முகப்பில் இருக்கும் எங்களிடம் அதைக் காட்டினால் திட்ட மாட்டோம்.

அன்புடன்,
ஒரு மருத்துவமனை மருந்தாளுநர்
ஈப்போ